ஆற்றுக் கப்பல் கட்டிய கைகள்

(நம் பள்ளியின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உழைப்பே உயர்வு" என்று பேசும்படி தலைமையாசிரியர் ஐயா கேட்டுக்கொண்டார். நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். இதே பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, தோட்டத்துத் தொழிற்சாலையில் பாய்லர் பக்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன். எனக்குத் தெரிந்தது நீராவியும் இரும்பும்தான். ஆகவே உழைப்பைப் பற்றி நீராவி வழியாகவே பேசுகிறேன். ஆற்றில் ஓடும் நீராவிக் கப்பலைக் கட்டிய ஒரு பட்டறையின் வரலாற்றைச் சொல்கிறேன். "கோலசிலாங்கூர் தமிழ்ப் பள்ளியில் இந்தக் கதை எதற்கு?" என்று கேட்பீர்கள். கடைசியில் நீங்களே சொல்வீர்கள்.

முதலில் நம் ஊரிலிருந்தே புறப்படுவோம். நம் சிலாங்கூர் ஆற்றைப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. பாசிர் பெனாம்பாங் பக்கம் போனால் மீன்பிடிப் படகுகள் வரிசையாக நிற்கும். கம்போங் குவாந்தானில் இரவில் மின்மினி பார்க்க வெளியூர்க்காரர்கள் படகேறுவார்கள். வடக்கே போனால் பெர்ணம் ஆறு. சாலை வருவதற்கு முன்னால் இந்த ஆறுகள்தாம் நமக்குச் சாலை.

நம் தாத்தா பாட்டிமார் இந்த மண்ணுக்கு வந்ததும் தண்ணீர் வழியாகத்தான். "ரஜூலா" என்ற கப்பலின் பெயர் வீட்டில் பேசக் கேட்டிருப்பீர்கள். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய 47 ஆண்டுகள் ஓடிய கப்பல் அது. என் தாத்தாவும் அதில்தான் வந்தார். அது எங்கே கட்டப்பட்டது தெரியுமா? 1926-இல், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், கிளைட் என்ற ஆற்றங்கரையில். முதல் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் உலகத்துக் கப்பல்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அந்த ஒரு ஆற்றங்கரைப் பட்டறைகளே கட்டின.

தாத்தா வந்த கப்பல் ஒன்று. அவர் உண்ட சோற்றைக் கொண்டுவந்த கப்பல் வேறொன்று. தோட்டத்துக் கடையில் அன்று விற்றது ரங்கூன் அரிசி. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. காடெல்லாம் கித்தா மரமானால் நெல் எங்கே விளையும்? 1930-களில்தான் தஞ்சோங் காராங் பக்கம் சதுப்புக் காட்டை வெட்டி நீர்ப்பாசன நெல் வயல் அமைக்கத் தொடங்கினார்கள். அதுவரையிலும், அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், ஐராவதி நதிக்கரையில் விளைந்த நெல்லே நம் சட்டியில் வெந்தது.

அந்த நெல்லை ஆற்று வழியே ரங்கூன் ஆலைகளுக்குக் கொண்டுவந்த படகுகளில் பல, "ஐராவதி புளோட்டில்லா கம்பெனி" என்ற நிறுவனத்தின் நீராவிப் படகுகள். அந்தப் படகுகளைக் கட்டிய பட்டறையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

அந்தக் கம்பெனி 1865-இல் கிளாஸ்கோவில் தொடங்கப்பட்டது. பர்மாவிலிருந்த ஆங்கில அரசாங்கம் தன்னிடமிருந்த சில பழைய நீராவிப் படகுகளை விற்றது. அவற்றை வாங்கித்தான் தொழிலை ஆரம்பித்தார்கள். அறுபது ஆண்டுகளில் அந்தச் சில படகுகள் பெரிதும் சிறிதுமாக 600-க்கும் மேற்பட்ட கலங்கள் ஆயின. ஆண்டுக்கு 80, 90 லட்சம் பேர் அவற்றில் பயணம் செய்தார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய ஆற்றுக் கப்பற்படை என்று அதைச் சொன்னார்கள்.

ஆற்றில் கப்பல் ஓட்டுவது கடலில் ஓட்டுவது போல அல்ல. ஐராவதி மழைக்காலத்தில் பொங்கும். கோடையில் வற்றும். இன்று ஆழமாக இருந்த இடத்தில் அடுத்த மாதம் மணல் திட்டு நிற்கும். கப்பலின் முனையில் ஒருவன் நீண்ட மூங்கில் கழியால் ஆழம் பார்த்துக் கூவிக்கொண்டே வருவான். ஆகவே ஆற்றுக் கப்பலுக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்கவேண்டும். ஆழத்தில் அமிழாமல் அகலத்தில் மிதக்கவேண்டும். தண்ணீரைத் தள்ள இரு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள். சரக்கு அதிகமானால், எஞ்சின் இல்லாத தட்டைப் படகுகளை இரு பக்கமும் கட்டிக்கொண்டு இழுத்துப் போகும். இந்த வகையில் பெரியவை சுமார் 326 அடி நீளம். நம் பள்ளிக்கு வெளியே இருக்கும் பந்துத் திடலின் நீளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பெரிய கப்பல் சில அடித் தண்ணீரிலே மிதந்து, ரங்கூனிலிருந்து மண்டலை வரை சுமார் 600 மைல் போனது. சில படகுகளின் மேல்தட்டில் கடைத்தெருவே இருந்தது. துணி, உப்பு, கருவாடு என்று ஒவ்வொரு ஊர்த்துறையிலும் விற்றுக்கொண்டே போகும்.

இப்படிப்பட்ட கப்பல்களை நூற்றுக்கணக்கில் கட்டித் தந்தது வில்லியம் டென்னி சகோதரர்கள் பட்டறை. கிளைட் ஆற்றோடு லீவன் என்ற சிற்றாறு கலக்கும் டம்பார்ட்டன் என்ற ஊரில், 1844-இல் அவர்கள் தொழில் தொடங்கினார்கள். ஐராவதி கம்பெனியில் டென்னி குடும்பத்துக்குப் பங்கும் இருந்தது. பட்டறைக்கு ஆற்றிலிருந்து வேலை, ஆற்றுக்குப் பட்டறையிலிருந்து கப்பல்.

அந்தப் பட்டறையில் நடந்த இரண்டு செய்திகளை மாணவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

முதல் செய்தி மெழுகுக் கப்பல். 1883-இல் டென்னி பட்டறையில் சுமார் 100 மீட்டர் நீளத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். கட்டப்போகும் கப்பலின் உருவத்தை முதலில் மெழுகில் சிறியதாகச் செய்வார்கள். அதைத் தொட்டியில் இழுத்துப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளப்பார்கள். சரியில்லையா? மெழுகைச் செதுக்கி மறுபடி இழுப்பார்கள். வேலை முடிந்தால் மெழுகை உருக்கி அடுத்த கப்பலுக்கு வைத்துக்கொள்வார்கள். தனியார் கப்பல் பட்டறை ஒன்று இப்படிச் சோதனைத் தொட்டி வைத்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. மெழுகில் தவறு செய்தால் செலவு கொஞ்சம். இரும்பில் தவறு செய்தால் கம்பெனியே முழுகிவிடும். பிள்ளைகளே, பள்ளிக்கூடமும் இந்தத் தொட்டி மாதிரிதான். கணக்கில் தவறு செய்ய இதுதான் இடம். ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட்டால் அழாதீர்கள். மெழுகைச் செதுக்குகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது செய்தி பரிசு. 1880-இல், அந்தக் குடும்பத்து இளைஞர் வில்லியம் டென்னி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பட்டறையில் வேலை செய்யும் எந்தத் தொழிலாளியானாலும், வேலையை எளிதாக்கும் ஒரு புது வழியையோ புதுக் கருவியையோ யோசித்துச் சொன்னால், அதைப் பரிசீலித்துப் பணப் பரிசு கொடுப்பது என்ற திட்டம். ஆம், அங்கேயும் ஒரு பரிசளிப்பு இருந்தது! சம்மட்டி பிடிக்கிறவனுக்கும் மூளை உண்டு என்று 1880-இல் ஒரு முதலாளி எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் நாற்பது வயதுகூட வாழவில்லை, 1887-இல் மறைந்துவிட்டார். ஆனால் அவர் யோசனை பெரியது. நம் தோட்டங்களில் பெரட்டுக் களத்தில் நின்ற நம் பாட்டன்மாரை, "உனக்கு என்ன யோசனை தோன்றுகிறது?" என்று எத்தனை துரைமார் கேட்டிருப்பார்கள்? நீங்களே நினைத்துப் பாருங்கள்.

சரி, கப்பல் ஸ்காட்லாந்தில், ஆறு பர்மாவில். தட்டை அடிப்பாகம் கொண்ட படகைப் பெருங்கடல் வழியே ஓட்டிக்கொண்டு போவது ஆபத்து. அதற்கு அவர்கள் கண்ட வழியைக் கேளுங்கள். டம்பார்ட்டனில் கப்பலை முழுவதுமாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். அப்போது ஆணி அடித்து இறுக்கமாட்டார்கள். கழற்றக்கூடிய போல்ட்டுகளை மட்டும் முடுக்கி வைப்பார்கள். எல்லாம் சரியாகப் பொருந்தினால், ஒவ்வொரு தகட்டிலும் ஒவ்வொரு கம்பியிலும் அடையாள எண் எழுதி, மறுபடி கழற்றிக் கட்டுவார்கள். ஆயிரக்கணக்கான துண்டுகள். அவை கடல் கப்பலில் ஏறி ரங்கூனுக்கு வரும்.

ரங்கூனுக்கு எதிர்க்கரையில் டல்லா என்று ஓர் ஊர். அங்கே கம்பெனியின் சொந்தப் பட்டறை இருந்தது. வந்த துண்டுகளை எண் பார்த்து அடுக்கி, கப்பலை இரண்டாம் முறை கட்டியது அங்கேதான். இந்த முறை போல்ட் இல்லை, ரிவெட் ஆணி. ஒருவன் உலையில் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் எடுத்துக் கொடுப்பான். ஒருவன் அதைத் துளையில் செருகிப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பான். முன்னால் நிற்பவர்கள் சம்மட்டியால் அடித்துத் தலையைப் பரப்புவார்கள். ஆணி ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகட்டையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் தொழிற்சாலையில் நின்ற பழைய பாய்லர் இப்படி ரிவெட் அடித்ததுதான். அதன் ஆணித் தலைகளைத் தடவிப் பார்த்திருக்கிறேன், வரிசை தவறாமல் இருக்கும். இப்போதெல்லாம் வெல்டிங் வந்துவிட்டது. ஒரு கப்பலுக்கு எத்தனை ஆயிரம் ஆணி, பர்மாவின் வெயில் எப்படி, உலையின் சூடு எப்படி! நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

டல்லாவில் அந்த வேலை செய்தவர்கள் யார்? பர்மியரும் சீனரும் இருந்தார்கள். ஆனால் அன்றைய ரங்கூனின் துறைமுகத்திலும் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உடலுழைப்பின் பெரும்பாரத்தைத் தாங்கியவர்கள் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள். கோதாவரிக் கரையிலிருந்து போன தெலுங்கர்கள், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து போன நம்மவர்கள். படகு ஓட்டிய மாலுமிகளில் பலர் சிட்டகாங் முஸ்லிம்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஒரே ஊர்க்காரர்களில் அண்ணன் ரங்கூனுக்குக் கப்பலேறுவான், தம்பி மலாயாவுக்குக் கப்பலேறுவான். யார் எந்தக் கரையில் இறங்கினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். கப்பல் முழுமையானதும் அதில் பித்தளைத் தகடு ஒன்று பதித்திருப்பார்கள். கட்டியவர் பெயர், ஊர், ஆண்டு. அந்தத் தகட்டில் டம்பார்ட்டன் பெயர் இருக்கும். டல்லாவின் வியர்வைக்குத் தகடு இல்லை. டென்னி பட்டறைக்காரர்கள் கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. அவர்கள் பெயர் இருக்க வேண்டியதுதான். ஆனால் அதே கப்பலை மறுபடி ஒருமுறை முழுவதும் கட்டியவர்கள் பெயர் ஏன் இல்லை? ஒரே காரணம்தான் எனக்குத் தோன்றுகிறது. வரைபடம் அவர்கள் கையில் இருந்தது. எண் இவர்கள் கையில் இருந்தது. எண்ணைப் பார்த்துச் சேர்ப்பவன் எவ்வளவு திறமைசாலியானாலும் கூலிக்காரன். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவன்தான் கட்டியவன்.

கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1942 மார்ச் மாதம் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். கம்பெனியின் படகுகள் அதற்கு முன்பே ஆற்றின் மேற்பக்கம் போய்விட்டன. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று, கம்பெனிக்காரர்களே தங்கள் படகுகளில் பெரும்பகுதியை மண்டலை பக்கத்திலும் அதற்கு மேலேயும் தங்கள் கையாலேயே ஆற்றில் மூழ்கடித்தார்கள். எழுபத்தேழு ஆண்டு உழைப்பு சில வாரங்களில் தண்ணீருக்குள் போனது. பர்மாவிலிருந்த லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே தாய்நாடு திரும்பினார்கள். வழியில் மாண்டவர்கள் ஏராளம். இந்தப் பக்கமோ, நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தத் தண்டவாளம் போய்ச் சேர்ந்ததும் பர்மாவில்தான். கடல் வழி அடைபட்டு, ரங்கூன் அரிசி நின்றது. "ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக் கிழங்குதாண்டா சோறு" என்று என் பாட்டி சொல்லும்போது, அந்தக் கிழங்குக்கும் ஐராவதிக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தெரியாது. வயதான பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

போர் முடிந்ததும் ஸ்காட்லாந்திலிருந்து சில புதுப் படகுகள் வந்தன. 1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் கம்பெனி அரசுடைமை ஆனது. டென்னி பட்டறை 1963-இல் மூடப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற பட்டறை, ஒரே நாளில் கதவு சாத்தியது போல ஆயிற்று. இன்று அங்கே அந்த மெழுகுத் தொட்டி மட்டும் அருங்காட்சியகமாக இருக்கிறது. இதைக் கேட்டு நம் தோட்டத்துப் பெரியவர்கள் தலையை ஆட்டுகிறீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். நாமும் பார்த்தோமே! கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனையை வெட்டி வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தை இடித்தார்கள். கோயிலை எங்கே வைப்பது, பள்ளியை எங்கே வைப்பது என்று அலைந்தோம். பட்டறை நிற்காது. தோட்டமும் நிற்காது. அங்கே கற்றுக்கொண்டது மட்டும் நம்மோடு வரும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எனக்கு அப்போது முப்பது வயது இருக்கும். தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் ஒன்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஒவ்வொரு துண்டிலும் எண் இருந்தது. அதைப் பொருத்த வெளியிலிருந்து ஒருவர் வந்தார். கையில் பெரிய காகிதம், வரைபடம். நாங்கள் ஐந்தாறு பேர் தூக்குவோம், பிடிப்போம், முடுக்குவோம். மூன்று நாள் அப்படி வேலை நடந்தது. ஓர் இடத்தில் குழாய் பொருந்தவில்லை. எனக்கு ஏதோ புரிகிற மாதிரி இருந்தது. "ஐயா, அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "உனக்கு எதுக்குப்பா அது? நீ பிடி" என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காட்டியிருந்தாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. அதுதான் சுட்டது.

அன்று இரவு வீட்டில் சோறு இறங்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய், "அண்ணே, எனக்குப் பிளான் படிக்கக் கத்துக்கொடுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். மேலிருந்து பார்த்தால் இப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி, நடுவில் வெட்டிப் பார்த்தால் இப்படி என்று காட்டினார். வேலை முடிந்து இரவு இரவாகப் படித்தேன். மலாய் சரியாக எழுத வராமல் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிப் பழகினேன். இரண்டாவது தடவைதான் பாய்லர் ஓட்டும் சான்றிதழ்த் தேர்வில் தேறினேன். நாங்கள் அதை "பாய்லர் டிக்கெட்" என்போம். அந்த டிக்கெட்டில் என் பெயர் அச்சாகி இருந்தது. அதுதான் எனக்குப் பித்தளைத் தகடு.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் படிவத்திலேயே, ஐந்தாம் படிவத்திலேயே பையன் நின்றுவிட்டால், "சரி, லாரிக்குப் போகட்டும், காவலுக்குப் போகட்டும், நாலு காசு வரட்டும்" என்று நினைக்கிறோம். வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் எஸ்.பி.எம். முடிக்கவிடுங்கள். ஏட்டுப் படிப்பு ஏறாத பிள்ளையென்றால் தொழிற்கல்லூரி இருக்கிறது. வெல்டிங், மின்சாரம், இயந்திரம் எதுவானாலும் வரைபடம் படிக்கிற அளவுக்குப் படிக்கவிடுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். இரண்டு மூன்று வருடம் நீங்கள் தாங்கினால், முப்பது வருடம் அவன் பிறருக்குப் பிடித்துக்கொண்டே நிற்கமாட்டான்.

மாணவச் செல்வங்களே, வீட்டில் சைக்கிள் கெட்டால் அப்பா கழற்றும்போது பக்கத்தில் உட்காருங்கள். "இது எதுக்குப்பா?" என்று கேளுங்கள். அப்பாமார்களே, "போடா அந்தப் பக்கம்" என்று விரட்டாதீர்கள். கேள்வி கேட்ட தொழிலாளிக்குப் பரிசு கொடுத்த பட்டறைதான் உலகம் மெச்சும் கப்பல்களைக் கட்டியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டல்லாவில் ஆணி அடித்த அந்தக் கைகளும், இங்கே பால்மரம் சீவிய கைகளும் ஒரே கரையிலிருந்து புறப்பட்ட கைகள். அவர்கள் உழைப்பில் குறை இல்லை. உழைப்பே உயர்வு என்றால் அவர்கள் எவ்வளவோ உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லை. ஆகவே தலைமையாசிரியர் ஐயா மன்னிக்கவேண்டும், அவர் கொடுத்த தலைப்பில் இரண்டு சொற்களைச் சேர்த்து முடிக்கிறேன்: படிப்போடு சேர்ந்த உழைப்பே உயர்வு.

இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு வாழ்த்து.